ஒரு தனிக் குரலும் ஆயிரம் ஊமை வாத்தியங்களும்

மேனாட்டுப் பெருநகரங்களின் வாத்தியக் குழுக்கள் பல, இளம் மாணாக்கருக்கெனத் தேர்வுப் போட்டிகள் நடத்தி வருகின்றன. பியானோவோ வயலினோ செலோவோ பயிலும் பிள்ளைகள் நடுவர் முன் தோன்றி வாசிப்பர். வெற்றி பெற்றவருக்குப் பணமும் பதக்கமும் கிடைக்கலாம். ஆயினும் அவற்றினும் பெரிய பரிசு ஒன்றுண்டு. தேர்ச்சி பெற்ற எண்பது, தொண்ணூறு கலைஞர் உடனிருந்து வாசிக்க, மேடையின் முன்னே தனி இசைஞராய் அமர்ந்து ஒரு 'கொன்செர்ட்டோ'வை இசைக்கும் உரிமையே அப்பரிசாகும். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைக்கு இதனினும் மேலான பேறு வேறில்லை எனலாம். மறுநாட் பத்திரிகைகள் 'பிறவி மேதை' என்று எழுதும். மண்டபத்திலிருந்தோர் எழுந்து நின்று கைதட்டியதையும் எழுதத் தவறமாட்டா.

'பிறவி மேதை' என்னும் இச்சொற்றொடரை நாம் சற்று நின்று நோக்கவேண்டும். பிறவியிலேயே செவிக்கூர்மையும் விரல்வளமும் வாய்க்கப்பெற்றோர் உளர் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின் அவருள் எத்தனை பேர் மேடைவரை வந்து சேர்கின்றனர்? வந்தோரைக் கொண்டுவந்து சேர்த்தவர் யாவர்? கைதட்டல் ஓய்ந்தபின் அவர் நிலை யாதாயிற்று? கலையைச் சமுதாயத்தின் விளைபொருளாகக் காணும் விமரிசகன் இவ்வினாக்களைத் தட்டிக்கழித்தல் இயலாது.

இவற்றுக்கு விடை காண அமெரிக்காவின் பிலடெல்பியா நகர் நமக்குப் பெரிதும் உதவும். 1900ஆம் ஆண்டில் நிறுவப்பட்டு உலகப் புகழ் எய்திய வாத்தியக் குழு அந்நகரினது. 1924இல் தொடங்கப்பெற்று, 1928 முதல் மாணாக்கரிடம் கற்பித்தற் கட்டணமே பெறாத கேட்டிஸ் இசைக் கல்லூரியும் ஆங்கேதான் உளது. அந்நகரோடு தொடர்புடைய கறுப்பினக் கலைஞர் நால்வரின் வரலாற்றைச் சேர்த்து நோக்கின், பரிசு பெற்ற மாணாக்கரைப் பற்றிய செய்திகள் சொல்லாதுவிடும் பகுதி தெளிவாகும்.

அதற்குமுன் கொன்செர்ட்டோ என்னும் கலைவடிவத்தைப் பற்றிச் சில சொற்கள். தனி வாத்தியம் ஒன்றும் வாத்தியக் குழுவும் தம்முள் உரையாடும் வடிவம் இது. குழு ஒரு கருத்தை எடுத்துரைக்கும். தனி இசைஞர் அதனை ஏற்று வளர்ப்பார். சிலபோது எதிர்த்து வாதிடுவார். ஈற்றில் இருசாராரும் ஒன்றுபடுவர். இடையிலே குழு முழுவதும் ஓய்ந்திருக்க, தனி இசைஞர் தம் ஆற்றல் முழுவதையும் வெளிக்காட்டும் பகுதி ஒன்று வரும். அதனைக் 'கடென்சா' என்பர். நம் கச்சேரிகளில் மிருதங்கக் கலைஞர்க்கு விடப்படும் தனி ஆவர்த்தனத்தை அறிந்த வாசகர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர்.

ரக்மானினொவ் 1909இல் இயற்றிய மூன்றாவது பியானோ கொன்செர்ட்டோவில் வரும் கடென்சா, பியானோக் கலைஞரின் வலிமையை எல்லைவரை சோதிப்பது. இடியென முழங்கிய பியானோ உச்சத்தை எட்டி மெல்ல அடங்கும் வேளையில் எதிர்பாராத ஒன்று நிகழ்கின்றது. புல்லாங்குழல் ஒன்று தனியே எழுந்து தொடக்கத்திற் கேட்ட பாட்டை நினைவூட்டுகின்றது. பின்னர் ஓபோ, கிளாரினெட், கொம்பு ஆகியன ஒவ்வொன்றாய் வந்து பேசுகின்றன. இதுவரை தனியரசு செலுத்திய பியானோ அவற்றுக்குப் பக்கவாத்தியமாகிவிடுகின்றது. தனிமையின் உச்சத்திலேயே தோழமையின் குரல் கேட்குமாறு அமைத்த இவ்விடம் அப்படைப்பின் உயிர்நாடி என்பது நம் கருத்து.

லிஸ்ட் இயற்றிய முதலாவது பியானோ கொன்செர்ட்டோவும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. 1855இல் வைமர் நகரில் அது முதன்முதலாக அரங்கேறியபோது லிஸ்ட் பியானோவில் அமர்ந்தார். பேர்லியோஸ் குழுவை நெறிப்படுத்தினார். வாத்தியக் குழுவிலே மிக எளிய கருவியாகக் கருதப்படும் 'முக்கோண'த்திற்கு, வளைத்த இரும்புக் கம்பியைத் தட்டி ஒலி எழுப்பும் அச்சிறு கருவிக்கு, லிஸ்ட் அதில் வெளிப்படையான பங்கு கொடுத்தார். வியன்னாவின் விமரிசகர் ஹன்ஸ்லிக் அதனை 'முக்கோணக் கொன்செர்ட்டோ' என்று எள்ளினார். எளியது முன்வரின் மேட்டிமை எள்ளுவது இசையுலகிலும் உண்டு போலும்! ஆயினும் அம்முக்கோணத்தின் ஒலியின்றி அப்படைப்பை இன்று எவரும் எண்ணிப்பார்ப்பதில்லை.

இனி நால்வரை நோக்குவோம்.

முதலாமவர் மரியன் அன்டர்சன். 1897இல் பிலடெல்பியாவில் பிறந்த இவர் சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். தாய் பிறர் உடை வெளுத்தும் தளம் துடைத்தும் குடும்பத்தைக் காத்தார். மகளின் குரலை முதலில் மதித்தவர் தேவாலயத்து ஏழை மக்களே. அவர்கள் சேர்த்துக் கொடுத்த சில்லறைக் காசுகளே அவர் ஆசிரியரிடம் பாடம் கேட்க உதவின. நகரத்து இசைப் பள்ளியொன்றோ நிறத்தைக் காரணங்காட்டி அவரைத் திருப்பியனுப்பியது. 1925இல் நியூயோர்க் பில்ஹார்மோனிக் குழுவுடன் பாடும் வாய்ப்புக்காக நடந்த போட்டியில் ஏறத்தாழ 300 பேர் பங்குபற்றினர். அப்போதும் ஆசிரியரிடம் பயின்றுகொண்டிருந்த அன்டர்சன் அவருள் முதல்வராய்த் தேறி, அவ்வாண்டு ஓகஸ்ட் 26ஆம் நாள் அக்குழுவுடன் பாடினார். பள்ளி மூடிய கதவைப் போட்டி திறந்தது என்பதை நாம் மறைத்தல் ஆகாது. ஆனால், திறந்த கதவுக்கப்பாற் பாதை இருக்கவில்லை. சொந்த நாட்டில் தக்க மேடைகள் கிடையாமையால் அவர் ஐரோப்பா சென்று புகழ் ஈட்டவேண்டியதாயிற்று. புகழோடு மீண்டபின்னும் 1939இல் வாஷிங்டன் நகரின் பெருமண்டபம் அவருக்கு மறுக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் 9ஆம் நாள் லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று 75,000 மக்கள் முன் அவர் பாடியது உலகறிந்த வரலாறு.

இரண்டாமவர் ஜோர்ஜ் வோக்கர். 1922இல் வாஷிங்டனிற் பிறந்தவர். தந்தை மேற்கிந்தியத் தீவிலிருந்து வந்து மருத்துவரானவர். வீட்டிலே பியானோ இருந்தது. ஐந்தாம் வயதிலேயே பாடம் தொடங்கியது. கேட்டிஸ் கல்லூரியிற் பயின்று, 1945இல் அங்குப் பட்டம் பெற்ற முதற் கறுப்பினத்தவரானார். அதே ஆண்டில் பிலடெல்பியா வாத்தியக் குழுவின் இளைஞர் தேர்வில் வெற்றி பெற்று, ஓர்மண்டி நெறிப்படுத்த, நாம் மேலே எடுத்துக்காட்டிய அந்த ரக்மானினொவ் கொன்செர்ட்டோவையே வாசித்தார். அக்குழுவுடன் தனி இசைஞராய் வாசித்த முதற் கறுப்பின வாத்தியக் கலைஞர் அவரே. தனித்து முழங்கும் பியானோவுக்குப் புல்லாங்குழலும் கொம்பும் துணைவந்து பேசும் அவ்விடத்தை இருபத்துமூன்று வயது இளைஞர் எத்தகைய உள்ளக்கிளர்ச்சியோடு வாசித்திருப்பார்! மேடையில் வந்த அத்துணை மேடைக்கு வெளியே வரவில்லை. இசைநிகழ்ச்சி ஒழுங்கு செய்யும் நிறுவனங்கள் அவரை ஏற்க ஆண்டுக்கணக்கிற் காலம் தாழ்த்தின. ஏற்றபின்னும் பெருங்குழுக்களின் அழைப்புகள் அரிதாகவே வந்தன. பியானோக் கலைஞராய் உலகை வலம்வரத் தகுந்தவர் இசை இயற்றுவதிலும் கற்பிப்பதிலும் வாழ்நாளைச் செலவிட்டார். அடிமையாய் வாழ்ந்து விடுதலை கண்ட தம் பாட்டியாரின் மறைவையொட்டி 1946இல் அவர் இயற்றிய தந்திவாத்தியப் படைப்பு இன்றும் பல நாடுகளில் ஒலிக்கின்றது. 1996இல் புலிட்சர் பரிசு பெற்ற அவர் 2018இல் மறைந்தார்.

மூன்றாமவரை உலகம் நீனா சிமோன் என்று அறியும். 1933இல் வட கரோலினாவின் சிற்றூர் ஒன்றில் யூனிஸ் வேமன் என்னும் பெயரொடு பிறந்தவர். தாய் சமயப் போதகராயும் வீட்டு வேலைக்காரியாயும் உழைத்தார். தாய் வேலைசெய்த வீட்டாரும் ஊராரும் பணந்திரட்டிச் சிறுமியைப் பியானோ பயிற்றினர். பிலடெல்பியாவின் கேட்டிஸ் கல்லூரியிற் சேர்வதே இலட்சியம். அதனை நம்பிக் குடும்பமே அந்நகருக்குக் குடிபெயர்ந்தது. 1951இல் நடந்த தேர்வில் அவர் ஏற்கப்படவில்லை. நிறமே காரணம் என்று அவர் இறுதிவரை நம்பினார்; அவ்வாறன்று என்று கூறியோரும் உளர். வோக்கர் ஆறாண்டுகளுக்கு முன் அதே கல்லூரியிற் பட்டம் பெற்றவராகலின் வழக்கு எளிதன்று. நம் நோக்கில் இவ்வழக்கைவிட முக்கியமானது வேறொன்று. ஊரார் கூட்டிய பணமெல்லாம் ஒரே நாளில், ஒரே அறையில், சில நிமிட வாசிப்பில் வந்து முடிந்தது. வசதியுடைய வீட்டுப் பிள்ளை தோற்றால் மறு ஆண்டு மற்றொரு கல்லூரியை நாடலாம். இப்பெண்ணுக்கு இருந்தது ஒரு கதவு மட்டுமே. 1954இல் அத்திலாந்திக் சிற்றி நகரின் மதுச்சாலையொன்றிற் பியானோ வாசித்துப் பிழைக்கத் தொடங்கியவர், தாய் அறிந்துவிடலாகாதென்றே பெயரை மாற்றிக்கொண்டார். அங்ஙனம் மாற்றிய பெயரே பின்னர் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்திற் பெருங்குரலாய் ஒலித்தது. 2003இல் அவர் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் கேட்டிஸ் கல்லூரி அவருக்குக் கௌரவப் பட்டம் அளித்தது. ஐம்பத்திரண்டு ஆண்டு தாழ்த்தி வந்த அப்பட்டத்தை என்னென்பது!

நான்காமவர் அந்திரே வொட்ஸ். 1946இல் ஜேர்மனியில் அமெரிக்கக் கறுப்பினப் படைவீரருக்கும் ஹங்கேரிய மாதொருவருக்கும் பிறந்தவர். தாயே முதற் பியானோ ஆசிரியை. எட்டு வயதளவிற் பிலடெல்பியாவுக்கு வந்த சிறுவர், ஒன்பதாம் வயதில் அந்நகர வாத்தியக் குழுவின் போட்டியில் வென்று, சிறுவர்க்கான கச்சேரியில் ஹைடனின் கொன்செர்ட்டோவை வாசித்தார். 1963 சனவரியில் லெனாட் பேண்ஸ்டைன் நடத்திய இளைஞர் இசைநிகழ்ச்சியில், பதினாறு வயதினராய், நியூயோர்க் பில்ஹார்மோனிக் குழுவுடன் லிஸ்ட்டின் அந்த 'முக்கோணக் கொன்செர்ட்டோ'வை வாசித்தார். தொலைக்காட்சி அதனை நாடெங்கும் கொண்டுசென்றது. அதே மாத இறுதியில், நோயுற்ற கிளென் கூல்டுக்குப் பதிலாக அவரே மீண்டும் அழைக்கப்பட்டார். அதன்பின் அவர் புகழ் வளர்ந்துகொண்டே சென்றது. 2023இல் மறையும்வரை உலகின் முன்னணிப் பியானோக் கலைஞருள் ஒருவராகவே மதிக்கப்பட்டார்.

1945இல் வோக்கருக்கும் 1963இல் வொட்ஸுக்கும் கிட்டிய வாய்ப்பு ஒன்றே: ஒரு பெருங்குழு, ஒரு கொன்செர்ட்டோ, ஓரிரவுக் கைதட்டல். விளைவுகளோ வேறு. இவ்வேறுபாட்டை மேதைமையின் அளவுகொண்டு விளக்குவார் வரலாற்றை அறியாதவர். இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளில் மொண்ட்கொமரி நகரக் கறுப்பின மக்கள் ஓராண்டுக்கு மேலாகப் பேருந்துகளைப் புறக்கணித்து நடந்தே வேலைக்குச் சென்றனர். மாணாக்கர் உணவுச்சாலைகளில் அமர்ந்து அடிபட்டனர். வொட்ஸ் தொலைக்காட்சியில் தோன்றிய அதே 1963இல் வாஷிங்டனில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் உரிமை கேட்டு அணிவகுத்தனர். இளைஞர் ஒருவரின் விரல்கள் பியானோவில் ஓடும்போது, அவ்விரல்களைக் கேட்கும் செவிகளை வரலாறு பண்படுத்தியிருந்தது என்பதே உண்மை. இதனாற் வொட்ஸின் கலை சிறிதும் தாழ்வதில்லை. வோக்கருக்கு நேர்ந்ததை அவர்தம் குறையென்று கொள்ளும் அநீதியை நாம் செய்யாதிருக்க இது உதவும்.

தனி இசைஞரின் பின்னே நிற்போரை நம் பழம்புலவர் மறக்கவில்லை. சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதையில் மாதவி மேடையேறுமுன் இளங்கோ நமக்குக் காட்டுவோர் யாவர்? ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என ஒவ்வொருவர் தகுதியையும் அவர் விரித்துரைக்கின்றார். அரங்கின் நீள அகலத்தையுங்கூட விடவில்லை. ஐந்து வயதிற் தொடங்கி ஏழாண்டு நடந்த பயிற்சியின் பயனே பன்னிரண்டாம் வயதின் அரங்கேற்றம் என்பதைத் தெளிவாகச் சொல்லியபின்னரே மாதவியை ஆடவிடுகின்றார். அவள் தலைக்கோற் பட்டம் பெற்றாள். ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெற்றாள். அவ்விலைக்கே அவள் மாலை நகரத் தெருவிற் கூறி விற்கப்பட்டதையும் புலவர் மறையாது சொன்னார். பரிசுக்கு முந்திய உழைப்பையும் பிந்திய விலையையும் ஒருங்கே காட்டிய அப்பார்வை இன்றைய பத்திரிகை விமரிசனத்திற் காணக்கிடைப்பதில்லை.

இன்றைய நிலை யாது? அமெரிக்க வாத்தியக் குழுக்களின் சங்கம் 2016இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2014இல் அக்குழுக்களிலிருந்த கலைஞருள் கறுப்பினத்தவர் நூற்றுக்கு 1.8 பேரே. அந்நாட்டு மக்களுள் அவர்கள் நூற்றுக்குப் பதின்மூவர் அளவினர். இக்குறையை நீக்கும் நோக்குடன் 1997இல் மிச்சிகன் மாநிலத்தில் வயலின் கலைஞர் ஆரொன் டுவோர்க்கின் 'ஸ்பிங்ஸ்' என்னும் அமைப்பைத் தொடங்கினார். கறுப்பின, இலத்தீன் அமெரிக்க வமிசத்து இளம் தந்திவாத்தியக் கலைஞருக்கு அது ஆண்டுதோறும் போட்டி நடத்தி, வென்றோர் பெருங்குழுக்களுடன் வாசிக்க வழிசெய்கின்றது. பாராட்டத்தக்க முயற்சி. எனினும் போட்டி என்பது கோபுரத்தின் கலசம்; அத்திவாரம் பாடசாலையிலேதான் இடப்படவேண்டும்.

அத்திவாரத்தின் நிலையைப் பார்க்க மீண்டும் பிலடெல்பியாவுக்கே செல்வோம். 2013இல் அந்நகர அரசாங்கப் பாடசாலை நிர்வாகம் பணமில்லையெனக் கூறி ஏறத்தாழ 3,800 பேருக்கு வேலைநீக்க அறிவித்தல் அனுப்பியது. இசை கற்பிக்கும் ஆசிரியரும் அவருள் அடங்குவர். பின்னர் ஒரு பகுதியினர் திரும்ப அழைக்கப்பட்டனர். ஆயினும் திருத்தப் பணமின்றிப் பாடசாலை அலுமாரிகளிற் கிடந்த பழுதுற்ற வாத்தியங்களைத் தேடி எண்ணியபோது அவை ஆயிரத்துக்கும் மேற்பட்டிருந்தன. தந்தியறுந்த வயலின்கள், வாய்நசுங்கிய எக்காளங்கள், சாவி கழன்ற கிளாரினெட்டுகள்! அவற்றை வைத்தே டேவிட் லாங் என்னும் இசைப்படைப்பாளர் ஒரு படைப்பை இயற்றினார். 2017 டிசெம்பர் 3ஆம் நாள் நகரத்துப் பழைய படைக்கொட்டகையொன்றில், பாடசாலைப் பிள்ளைகளும் பொழுதுபோக்காய் இசைப்போரும் பிலடெல்பியா வாத்தியக் குழுவின் கலைஞரும் அடங்கிய 400 பேர், உடைந்த அவ்வாத்தியங்களிலேயே அதனை வாசித்தனர். ஊதினால் மூச்சு மட்டும் வரும் குழலும், தட்டினால் கரகரக்கும் மரமும் சேர்ந்து எழுப்பிய அவ்வொலியே அவ்விசை. நிகழ்ச்சியின் பின் பொதுமக்களின் நன்கொடையால் வாத்தியங்கள் திருத்தப்பட்டுப் பாடசாலைகளுக்கு மீண்டன.

இப்படைப்பை ஒரு வேடிக்கையென்று ஒதுக்குவோர் இருக்கலாம். நம் கருத்தில் இது கொன்செர்ட்டோவின் மறுபக்கம். அங்கே ஒருவர் ஒலிக்கப் பலர் துணைநிற்கின்றனர். இங்கே ஒலிக்கமுடியாத ஆயிரம் வாத்தியங்கள் தாமே முன்வந்து பேசின. ஒவ்வோர் உடைந்த வயலினுக்கும் பின்னே அதனைக் கையிலெடுத்திருக்க வேண்டிய பிள்ளைகள் பலர். அவருள் ஒரு வோக்கரோ ஒரு வொட்ஸோ இருந்திரார் என்று எவராற் சொல்லமுடியும்? ஆண்டுதோறும் தனி இசைஞர் ஒருவரைத் தேர்ந்து முடிசூட்டும் அதே நகரத்திலேயே இவ்வலுமாரிகளும் இருந்தன.

இது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய நோயன்று. இங்கிலாந்தில் 2016ஆம் ஆண்டின் 'இளம் இசைஞர்' போட்டியில் ஷெக்கு கன்னே-மேசன், பதினேழு வயதில், இலண்டனில் பி.பி.சி. சிம்பனிக் குழுவுடன் ஷொஸ்தகோவிச்சின் முதலாவது செலோ கொன்செர்ட்டோவை வாசித்து முதற்பரிசு பெற்றார். அப்போட்டியில் வென்ற முதற் கறுப்பின இளைஞர் அவர். நொட்டிங்காம் நகரத்து அரசாங்க உதவிபெறும் பாடசாலையிற் படித்தவர். இரண்டாண்டுகளின் பின் அப்பாடசாலையிற் செலோ பயிலும் பத்துப் பிள்ளைகளின் பாடம் நின்றுபோகாதிருக்க, அவரே 3,000 பவுண் கொடுக்க நேர்ந்தது. அவர்தம் நன்றியுணர்வு போற்றற்குரியது. ஆனால், பரிசு பெற்ற பிள்ளை தன் பாடசாலையின் பாடத்துக்குப் பணம் கட்டவேண்டியிருந்ததென்றால், கடமையிலிருந்து தவறியவர் யாரென்பது வெளிப்படை.

இவற்றாற் போட்டிகளை ஒழிக்கவேண்டும் என்று நாம் வாதிடவில்லை. அன்டர்சனுக்குப் போட்டி செய்த நன்மையை மேலே கண்டோம். மேனாட்டுச் செவ்வியல் இசை செல்வரின் பொழுதுபோக்கு, அது மக்களுக்கு வேண்டாததென்று கூறுவாரொடும் நாம் உடன்படோம். மதுச்சாலையில் அமர்ந்து வாசித்த சிமோனின் விரல்களில் பாக்கின் இசை இறுதிவரை வாழ்ந்தது. அவ்விசையைப் பெறும் உரிமை அவருக்கு வேறெவரினும் குறைந்ததன்று. நாம் மறுப்பது ஒன்றையே. தேர்ந்தெடுத்த ஒருவரை ஒளிவெள்ளத்தில் நிறுத்திக் காட்டி, தேர்வுக்கு வரவே வழியற்ற பல்லாயிரவரை இருளில் மறைக்கும் ஏமாற்றையே நாம் மறுக்கின்றோம்.

ஆசிரியத் தொழில் புரியும் நாம் பரிசளிப்பு விழாக்கள் பலவற்றைக் கண்டுள்ளோம். மேடைக்கு வந்து கிண்ணம் வாங்கும் பிள்ளையைப் பெரியோர் வாழ்த்துவர். கடைசி வாங்கிலிருந்து கைதட்டும் பிள்ளைக்குக் கற்றுக்கொள்ளும் விருப்பம் இருந்ததா, அதற்கு ஒரு கருவியேனும் கிட்டிற்றா என எவரும் கேட்பதில்லை. அவ்வினாவே விமரிசனத்தின் தொடக்கமாக வேண்டும்.

ஆகவே, மாணாக்கர் ஒருவர் பெருங்குழுவுடன் தனி இசைஞராய் வாசித்தார் என்னும் செய்தி வரும்போது அவர்தம் விரற்றிறனை மனமார மெச்சுவோம். அடுத்து, அவர் படித்த பாடசாலையில் வாத்திய அலுமாரி திறந்திருக்கின்றதா, பூட்டிக்கிடக்கின்றதா என்றும் கேட்போம். முதல் வினாவுக்கு நடுவர் விடையளிப்பர். இரண்டாவதற்கு விடைகூறவேண்டியவர்கள் நகராட்சியினரும் அரசாங்கத்தினரும், அவர்களை வாக்களித்து அனுப்பும் மக்களாகிய நாமுமே.